வார்டைக் கூட்டுவது நாம், டெண்டரில் கையெழுத்திடுவது யார்?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்துக்கு வரும் தங்கை ஒருவருக்கு இந்த ஆண்டு மருத்துவமனை நிர்வாக முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்தது. அவருடைய அம்மா ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். இனிப்பு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்ட தம்பி ஒருவர், "இனிமே அக்கா ஏ.சி. ரூம்ல உக்காந்து நம்ம அம்மாங்களுக்கெல்லாம் மெமோ குடுப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தங்கை சிரிக்கவில்லை. "சட்டம் படிச்சா போராளி, சமூகவியல் படிச்சா சிந்தனையாளர். நிர்வாகம் படிச்சா மட்டும் துரோகியாண்ணே?" என்று கேட்டார்.

அன்று நாங்கள் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பேச்சை மாற்றிவிட்டோம். அது தவறு. அந்தக் கேள்விக்கு நம் வரலாற்றில் பதில் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

புனே, 1897

ஜோதிராவ் புலேவைப் பள்ளி தொடங்கியவராக நாம் அறிவோம். அவர் ஒரு கட்டுமான ஒப்பந்தக்காரர் என்பதைப் பலரும் அறிவதில்லை. பூனா கமர்ஷியல் அண்ட் கான்ட்ராக்டிங் கம்பெனி என்ற நிறுவனத்தின் வழியாகக் கத்ராஜ் சுரங்கப்பாதை, ஏரவாடா பாலம் போன்ற வேலைகளில் பங்கேற்றவர். சத்யசோதக் சமாஜம் 1873இல் தொடங்கியபோது அதை நடத்தியவருக்கு ஆள் சேர்க்கவும், கணக்கு எழுதவும், கூலி கொடுக்கவும் தெரிந்திருந்தது. தொழில் நடத்தத் தெரிந்தவர் இயக்கம் நடத்தினார். யாரிடமும் கையேந்தாமல் பேசும் துணிச்சலுக்கு அந்த வருமானமும் ஒரு காரணம்.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குள் புனேயில் பிளேக் பரவியது. சாவித்திரிபாய் புலேவும், மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே சிகிச்சை முகாம் ஒன்றை நடத்தினார்கள். மகர் குடியிருப்பில் நோயில் விழுந்த ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்த சாவித்திரிபாயையும் நோய் பற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். அந்த மரணத்தைத் தியாகம் என்று நினைவுகூர்கிறோம், சரிதான். அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இடம் பார்த்து, ஆள் வைத்து, நோயாளியைக் கொண்டு சேர்த்து, யாரையும் சாதி கேட்காமல் படுக்கை கொடுத்த ஒரு சிகிச்சை இடத்தை அவர்கள் நடத்திக் காட்டினார்கள். இன்று மருத்துவமனை நிர்வாகம் என்று பாடமாக வைப்பது இதைத்தான்.

அண்ணல் படித்தது என்ன?

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவித்தொகையில் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1915இல் முதுகலைப் பட்டத்துக்காக அவர் எழுதியளித்த ஆய்வுரையின் பொருள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும். ஒரு கம்பெனி எப்படி வரி வாங்கியது, எப்படிச் செலவு செய்தது, அதிகாரத்தை யார் யாருக்கு எப்படிப் பிரித்துக் கொடுத்தது என்பதைப் பற்றிய ஆய்வு அது. ஊரில் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத சாதியில் பிறந்த 24 வயது மாணவர், ஒரு துணைக்கண்டத்தையே ஆண்ட நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். நிர்வாகம் நம் படிப்பில்லை என்று சொல்லும் தோழர்கள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

1917இல் திரும்பிவந்து பரோடா அரசில் உயர் பதவியில் சேர்ந்தார். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பம்பாய்க்கு வந்தவர் பங்குச் சந்தையில் முதலீடு செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். அதாவது நம் அண்ணல் ஒரு தொழில்முனைவோராகவும் இருந்து பார்த்தார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். தொழிலும் நின்றது. 1918இல் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்களில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அலுவலகம், சந்தை, கல்லூரி என்று மூன்று இடங்களிலும் ஒரே மனிதருக்கு ஒரே அனுபவம். திறமை இருந்தால் முன்னேறலாம், சந்தைக்குச் சாதி தெரியாது என்று இன்று மேலாண்மை வகுப்புகளில் சொல்லப்படும் கதைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதப்பட்டுவிட்டது.

இந்த அனுபவத்துக்குப் பிறகும் அவர் அந்தப் படிப்பைக் கைவிடவில்லை. லண்டன் திரும்பி 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றி ஆய்வுசெய்து டி.எஸ்சி. பட்டம் பெற்றார். 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றி அரசிடம் ஒரு மனு கொடுத்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் மக்களுக்குப் போதாது, அறிவியல், தொழில்நுட்ப மேற்படிப்புக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும் என்பது அதில் அவர் வைத்த முக்கியமான வாதம். 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. இன்று நம்மில் பெரும்பாலோர் கல்லூரி வாசலைத் தாண்டியது அந்த உதவித்தொகையால்தான். அவர் தொடங்கிய மக்கள் கல்விக் கழகம் 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது. 1953இல் வணிகத்துக்கும் பொருளாதாரத்துக்கும் என்றே தனியாக ஒரு கல்லூரியைத் தொடங்கியது. சட்டக் கல்லூரி அதற்குப் பிறகுதான் வந்தது.

முதல் எங்கே போனது?

தமிழ் மண்ணிலும் இந்த வரலாறு உண்டு. 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் அதற்கு முன் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராக இருந்தவர். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். மருத்துவம் பார்த்துக்கொண்டே 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி நடத்தினார். பெ. மா. மதுரைப் பிள்ளை கடல் கடந்து இரங்கூனில் வணிகம் செய்து செல்வரானார், அந்தச் செல்வத்தைச் சமூகப் பணிக்குக் கொடுத்தார். கணக்கு, மருத்துவம், வணிகம் மூன்றும் நம்மிடம் இருந்தன. ஆனால் பெருவணிகம் செய்ய ஊரைவிட்டு, கடலைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஊரில் இருந்தவர்களுக்கு முதல் எது? நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். வேறு சாதியினருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அது கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்டதற்காக 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். இன்று நம் இளைஞர் ஒருவர் திட்ட அறிக்கையோடு வங்கிக்குப் போனால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, "ஜாமீனுக்கு என்ன சொத்து இருக்கு?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் 130 ஆண்டுக் கதை இருக்கிறது.

இதை உடைக்கச் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2002 ஜனவரியில் வெளியான போபால் பிரகடனம், அரசு வாங்கும் பொருள்களிலும் கொடுக்கும் ஒப்பந்தங்களிலும் தலித்துகளுக்குப் பங்கு கேட்டது. 2005இல் தலித் தொழில் வணிகச் சபை தொடங்கியது. 2012இல் மத்திய அரசின் கொள்முதல் கொள்கை, பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறுதொழில்களிடமிருந்து 4% வாங்க வேண்டும் என்றது. 2016இல் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தது. 2023இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் மூலதன மானியம் 35%, வட்டி மானியம் 6%. இவை யாரோ போட்ட பிச்சை கிடையாது. பறிபோன முதலில் ஒரு சிறு பகுதி திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் விண்ணப்பம் எழுதவும், திட்ட அறிக்கை தயாரிக்கவும், டெண்டர் நிபந்தனை படிக்கவும் தெரிந்த நம் ஆள் ஊருக்கு ஒருவர் இல்லையென்றால் இந்தத் திட்டங்கள் காகிதத்திலேயே நின்றுவிடும்.

1961க்குப் பிறகு

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை நீதிமன்றம் செல்லாது என்றதால்தான் 1951இல் அரசியல் சட்டம் முதல்முறை திருத்தப்பட்டு 15(4) பிரிவு வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1961இல், கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தொடங்கின. ஒன்றுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. துணை, மற்றொன்றுக்கு ஹார்வர்டு துணை. நாட்டின் பெரிய நிறுவனங்களை யார் நடத்துவது என்பதை முடிவுசெய்யும் வகுப்பறைகள் அப்படி உருவாயின.

அந்த வகுப்பறைக்கு நாம் போக மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். முதல் வாசல் சேர்க்கை. பட்டியல் சாதிக்கு 15%, பழங்குடிக்கு 7.5% இடம் உண்டு. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27% 2008இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே நடைமுறைக்கு வந்தது. அதையும் தெருவில் துடைப்பம் பிடித்துக் கேலிசெய்தார்கள், 2006இல், மருத்துவ மாணவர்கள். இடஒதுக்கீடு வந்தால் நாங்கள் தெருக் கூட்டத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் சொன்ன செய்தி. தெருவைக் கூட்டுகிறவர்களின் பிள்ளைகள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வாசல் கட்டணம். நிர்வாக மேற்படிப்பின் கட்டணம் லட்சங்களில் இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தாமதமாகும்போதெல்லாம் கல்லூரி நம் பிள்ளைகளைத்தான் நெருக்குகிறது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடியின, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. அந்த ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய தோழர்களால்தான் அது நடைமுறைக்கு வந்தது. 2018 பிப்ரவரியில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் எல்லா வளாகங்களிலும் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் இதே உதவித்தொகைக்காரர்களின் கட்டணச் சலுகைக்காகத்தான். மனிதவள மேலாண்மைக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் நாடு முழுவதும் பேர் பெற்ற நிறுவனம் அது.

மூன்றாவது வாசல் ஆசிரியர் இருக்கை. பாடம் என்ன, எந்த உதாரணம், யார் நல்ல மேலாளர் என்பதையெல்லாம் முடிவுசெய்வது அந்த இருக்கை. ஆசிரியர் பணியில் இடஒதுக்கீட்டுக்காக 2019இல் தனிச் சட்டமே வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இந்திய மேலாண்மைக் கழகங்கள் விலக்குக் கேட்டு அரசுக்கு எழுதின. அகமதாபாத் கழகத்தின் முனைவர் நிலைப் படிப்பு 1971இல் தொடங்கியது. அதில் இடஒதுக்கீடு 2025 சேர்க்கையிலிருந்துதான், அதுவும் நீதிமன்ற வழக்குக்குப் பிறகு. முனைவராக விடாமல் 50 ஆண்டு தடுத்துவிட்டு, ஆசிரியராகத் தகுதியானவர் கிடைக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டில் படிக்க நமக்கிருக்கும் தேசிய உதவித்தொகை 1954 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2022இல் அதன் விதிகளை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் இல்லை என்றார்கள். நிர்வாகம் படிக்கலாம், சாதியின் வரலாற்றைப் படிக்கக் கூடாது. வரலாறு தெரியாத நிர்வாகி அவர்களுக்குத் தொல்லை தரமாட்டார். ஆகவே நிர்வாகம் படிக்கப் போகிற ஒவ்வொருவரும் இந்த வரலாற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

மருத்துவமனைக்குள்

மருத்துவமனையில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருநாள் காலை ஆறு மணிக்கு வார்டில் நின்று பார்க்கட்டும். ரத்தத் துணியை அள்ளுவதும், கழிப்பறை கழுவுவதும், பிணவறை வேலையும் யாருடையவை? எய்ம்ஸ் மருத்துவமனையில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. வகுப்பறை, தேர்வு, விடுதி என்று எல்லா இடத்திலும் பாகுபாடு இருப்பதை அது பதிவுசெய்தது. 2019இல் மும்பையில் முதுகலை மருத்துவம் படித்த பழங்குடிப் பெண் பாயல் தத்வியை, சாதி வசவு பற்றிய புகார்களுக்கு நடுவே நாம் இழந்தோம். புகாரை வாங்குவது, விசாரிப்பது, பணி நேரம் ஒதுக்குவது எல்லாம் நிர்வாக வேலைகள். அந்த நாற்காலிகளில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டால் உயிர் போகும்.

நம் அம்மாக்களின் நிலையைப் பாருங்கள். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும் பாதுகாப்புக் கருவி கொடுப்பதும் மருத்துவமனையின் கடமை என்கின்றன. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. இவ்வளவு இருந்தும், "உங்களுக்கு ஊசி போட்டாங்களாம்மா?" என்று நாம் கேட்டால் எத்தனை பேர் ஆமாம் என்கிறார்கள்? டெண்டர் எழுதும்போது கையுறை எண்ணிக்கை, தடுப்பூசி, வார விடுப்பு ஆகியவற்றை ஒரு வரியில் சேர்க்கலாம். சேர்க்காமலும் விடலாம். அந்த ஒரு வரியை எழுதுகிறவர் ஒரு நிர்வாகி.

நிர்வாகம் நினைத்தால் எதைச் செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, இருப்பைக் கணினியில் பார்த்து அனுப்புகிறது. கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை போய்ச் சேர்கிறது. மாத்திரையை இப்படி எண்ணத் தெரிந்தவர்களுக்குக் கையுறையையும் எண்ணத் தெரியும்.

ஹார்வர்டில் சிலர்

நம்மைப் போலவே இந்தக் கேள்வியைச் சந்தித்த இன்னொரு மக்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1967இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் லில்லியன் லிங்கன் சேர்ந்தபோது அங்கே கறுப்பின மாணவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தார்கள். வீட்டு வேலை செய்து பிழைத்து, பிறகு ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவர் அவர். அவரும் நண்பர்களும் 1968இல் ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர் சங்கத்தைத் தொடங்கினார்கள். கல்லூரித் தலைவரிடம் போய்க் கறுப்பின மாணவர் சேர்க்கையை உயர்த்தச் சொன்னார்கள். "ஆள் கிடைக்கவில்லை" என்ற சாக்குக்கு இடமே தராமல், தாங்களே கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போய் மாணவர்களைத் திரட்டி வந்தார்கள். அடுத்த சேர்க்கையில் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. அதே 1968இல் கறுப்பின மருத்துவமனை நிர்வாகிகளும் தமக்கென ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள்.

லில்லியன் லிங்கன் 1969இல் அந்தப் பள்ளியில் எம்.பி.ஏ. பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். 1976இல் அவர் தொடங்கிய தொழில் என்ன தெரியுமா? கட்டடத் தூய்மைப் பணி நிறுவனம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தார். அவர் தனியாக உயர்ந்தார் என்று கதை சொல்வார்கள். சங்கம் வைத்துக் கதவைத் தட்டியதை விட்டுவிடுவார்கள். நாம் அதை விடக் கூடாது.

தங்கைக்குப் பதில்

தங்கையே, நிர்வாகம் படிப்பது துரோகம் ஆகாது. அம்பேத்கர் திறந்த கணக்குப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத்தான் நீங்கள் திறக்கிறீர்கள். ஆனால் அன்று அந்தத் தம்பி கேலியாகச் சொன்னதில் ஓர் உண்மையும் இருக்கிறது. தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விட்டால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததும் நிர்வாகம் படித்தவர்கள்தான். அந்தப் பாடம் உங்களுக்கும் நடத்தப்படும். தேர்வில் அதை எழுதித் தேர்ச்சியும் பெறுவீர்கள். அப்போது உங்கள் அம்மா அந்தக் கணக்கில் எந்த வரியில் வருகிறார் என்று பாருங்கள்.

ஆய்வறிக்கைக்குத் தலைப்புக் கேட்பார்கள். உங்கள் மருத்துவமனையில் கழிவு அள்ளுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது, கையுறை எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சம்பளம் எத்தனை கைகள் மாறி வருகிறது என்பதைத் தலைப்பாக எடுங்கள். வகுப்பில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து ஒன்றுசேருங்கள். உதவித்தொகை தாமதமானால் தனியாக அழாமல் சேர்ந்து போய்க் கேளுங்கள். படித்து முடித்தபின் ஆண்டுக்கு இரண்டு பேரையாவது அந்தப் படிப்புக்கு அழைத்துவாருங்கள்.

மற்ற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கற்பி, ஒன்றுசேர், போராடு என்று சுவரெல்லாம் எழுதுகிறோம். முதல் சொல்லுக்குள் எந்தப் படிப்பு வரலாம், எது வரக் கூடாது என்று நாமே வேலி போட வேண்டாம். வேலி போட நாட்டில் வேறு ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தங்கை வருகிறார். கூடவே அம்மாவையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறோம். அவர் வேலை செய்யும் மருத்துவமனையின் தூய்மைப் பணி ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனு எழுதப் போகிறோம். மனுவை எழுதப் போவது நிர்வாகம் படிக்கும் மகள். எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லப் போவது அம்மா.